கைவினைஞருக்காகப் பேசிய கலாயோகி

சவளக்கடையிலிருந்து கிட்டங்கி வழியாகக் கல்முனைக்கு வந்து, வடக்கே சிறிது தூரம் சென்றால் மருதமுனை. கைத்தறிச் சாறனுக்கும் சாறிக்கும் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். ஒருவர் நூல் சுற்ற, ஒருவர் பாவோட, ஒருவர் நெய்யக் குடும்பமே தறியைச் சுற்றி வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டு ஆலைத் துணிகள் வந்து குவிந்தன. 2004 டிசெம்பரில் கடற்கோளும் இவ்வூரை வாட்டியது. தறிகள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் பழைய நிலை இல்லை.

கைத்தொழிலை ஆலை விழுங்கும்போது மனிதன் எதை இழக்கிறான்? இக்கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உரத்துக் கேட்ட ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சட்டசபை உறுப்பினரான சேர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலப் பெண்மணி எலிசபெத். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்த குழந்தை, தாயின் அரவணைப்பில் இங்கிலாந்தில் வளர்ந்தது. இலண்டனில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்றுத் தேறிய இளைஞர், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக 1903 முதல் 1906 வரை பணியாற்றினார். தோரியனைட் என்னும் கனியத்தைக் கண்டறிந்தவரும் அவரே.

கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவர், அங்கே கைவினைஞரைக் கண்டார். நெசவாளர், குயவர், கொல்லர், பாய் பின்னுவோர் ஆகியோரின் திறமை அவரை வியக்க வைத்தது. அவர்களின் வறுமை வருந்த வைத்தது. கண்டி அரசர் காலத்தில் கைவினைஞர் பலர் தம் சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815இல் அவ்வரசு வீழ்ந்ததும் அவர்களை ஆதரிப்பார் இல்லாமற்போயினர். கப்பலில் வந்த மலிவான ஆலைப் பொருள் எஞ்சியதையும் பறித்தது.

தாம் கண்டவற்றைப் பெரிய நூலாக எழுதினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அந்நூல் 1908இல் வெளிவந்தது. கைத்தொழிலைப் பற்றிய நூலை ஆலையில் அச்சிட அவர் மனம் ஒப்பவில்லை போலும். கையால் இயக்கும் அச்சுப்பொறியிலேயே 425 பிரதிகள் அச்சாயின. கிராமங்களில் உடன் திரிந்து படமெடுத்து உதவியவர் மனைவி எத்தல். பின்னாளில் இருவரும் பிரிந்தனர். எத்தல் இங்கிலாந்தின் பெயர்பெற்ற கைநெசவாளரானார்.

குமாரசுவாமி இயந்திரத்தைக் கண்மூடித்தனமாக வெறுத்தவரல்லர். கருவி வேறு, இயந்திரம் வேறு என்றார். கம்பளத் தறி ஒரு கருவி. அது நூலை இழுத்துப் பிடிக்கிறது, நெய்வது மனித விரல்களே. விசைத்தறியோ மனிதன் செய்யவேண்டிய பகுதியையே தான் செய்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை 1973இல் உலகுக்கு மீண்டும் நினைவூட்டியவர், கத்தோலிக்க திருச்சபையில் இணைந்த பொருளியலாளர் ஷூமாக்கர்.

1917 முதல் இறக்கும்வரை அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் குமாரசுவாமி பணியாற்றினார். இந்து மரபு நூல்களோடு புனித தோமஸ் அக்குவைனாசின் நூல்களையும் ஆழ்ந்து கற்றார். செய்யவேண்டியதைச் செம்மையாகச் செய்யும் அறிவே கலை என்ற புனிதரின் கொள்கை அவருக்கு உவப்பாயிற்று. கலைஞன் என்பவன் தனிச் சாதியல்லன். நல்ல பாய் பின்னுபவளும் கலைஞியே என்பது அவர் துணிபு. இந்தியா சென்று இறுதி நாட்களைக் கழிக்க எண்ணியிருந்தவர், 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவிலேயே காலமானார்.

ஆலைத் துணி மலிவானது. ஏழைக்கும் உடுக்கத் தந்தது. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் தறியடியில் தகப்பனிடம் மகன் கற்ற பொறுமையையும், முடித்த வேலையைத் தன் வேலை என்று சொல்லும் பெருமையையும் எந்த ஆலை நெய்து தரும்? பெருநாளுக்குப் புடவை எடுக்கும்போது ஒரு கைத்தறிச் சாறனையும் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் விலையில் ஒரு குடும்பத்தின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.