வில்லியம் எச். ஜான்சன்

வில்லியம் எச். ஜான்சன் (மார்ச் 18, 1901 – 1970) ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர் ஆவார். தென் கரோலினா மாநிலத்தின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் ஓவியம் பயின்று 1926 இல் பாரிசு சென்றார். 1930 இல் டென்மார்க்கைச் சேர்ந்த நெசவுக் கலைஞர் ஹோல்ச்சா கிராக்கேயை மணந்தார்.

1938 இல் நியூயார்க் திரும்பிய பின் தமது பாணியை மாற்றிக்கொண்டார். தட்டையான உருவங்களாலும் அடர்ந்த நிறங்களாலும் தம் இனத்தவரின் உழவு, வழிபாடு, நடனம் ஆகியவற்றை வரைந்தார்.

1944 இல் மனைவி இறந்தார். 1947 முதல் இறக்கும் வரை ஜான்சன் மனநல மருத்துவமனையில் இருந்தார். பாதுகாக்கப் பணமின்றி அழிக்கப்படவிருந்த அவரது ஓவியங்களை ஹார்மன் அறக்கட்டளை மீட்டது. 1967 இல் 1,000க்கும் மேற்பட்ட படைப்புகளைச் சிமித்சோனிய நிறுவனத்திற்கு வழங்கியது. அவற்றின் பெரும் கண்காட்சி, அவர் இறந்த மறு ஆண்டில் வாஷிங்டனில் நடைபெற்றது.