யாழை மீட்டெடுத்த அடிகள்

மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடும் என்பதைத் தமிழரும் முஸ்லிம்களுமாகிய நாம் சிறுவயது முதல் கேட்டே வளர்ந்தோம். அவ்வோசையைச் செய்யுளாக்கிய விபுலாநந்த அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்துபோன யாழின் வடிவை மீட்டெடுக்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்தார். துறவு, பேராசிரியர் பணி, பாடசாலைப் பொறுப்புகள் ஆகியவற்றுக்கிடையே சிலப்பதிகார அரங்கேற்று காதையை வரிவரியாக ஆராய்ந்தார். நரம்புகளின் சுருதி அளவுகளைக் கணிதத்தால் வகுத்தார். கணினி இல்லாத காலம், அத்தனையும் கைக்கணக்கு! ஒரே நூலுக்கு இத்தனை ஆண்டுகளா என இன்று நாம் மலைக்கலாம். விரைந்து முடித்திருந்தால் அது ஊகமாகவே நின்றிருக்கும். 1947 ஜூனில் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அவர் கணித்த அளவில் அமைந்த யாழ்களும் அங்கு இசைக்கப்பட்டன. அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகள் மறைந்தார். வாவியருகே கல்லடியில் அவரது சமாதி உள்ளது.