‘ரோஸ்’ என்ற பெண், ஜோசபின் ஆன கதை!

பக்கத்து வீட்டு ரோஜாச் செடியிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்கி, உங்க பால்கனித் தொட்டியில் ஊன்றி வச்சிருக்கீங்களா? அப்படின்னா, 200 வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். நெப்போலியனின் மனைவின்னு சொன்னா சட்டுனு தெரியும். ஆனா, அவருடைய பெயர் முதலில் ஜோசபின் இல்ல. ரோஸ்!

1763-ல், கரீபியன் கடலில் இருக்கும் மார்ட்டினிக் தீவில் பிறந்தார். அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம். அதில் உழைத்தவர்கள் அடிமைகள். ஜோசபின் கதையை இனிக்க இனிக்கச் சொல்றவங்க, இந்த இடத்தை மட்டும் வேகமா தாண்டிடுவாங்க. முழுப்பெயர் மரி ஜோசப் ரோஸ். வீட்டில் எல்லோருக்கும் ரோஸ்.

16 வயசில், பிரான்ஸுக்கு அழைச்சுட்டுப் போய் ஒரு பிரபுவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சாங்க. ரெண்டு குழந்தைகள் பிறந்தும் ஒட்டாத வாழ்க்கை, பிரிவு. பிரெஞ்சுப் புரட்சி வெடிச்சதும் ரெண்டு பேருமே சிறைக்குப் போனாங்க. 1794 ஜூலை 23-ல் கணவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். அடுத்து ரோஸின் முறை வந்திருக்கும். ஆனா, அஞ்சே நாளில் ரோபஸ்பியரின் தலையே உருண்டது. ரோஸ் தப்பிச்சார்.

ரெண்டு வருஷம் கழிச்சு, தன்னைவிட ஆறு வயசு சின்னவரான ராணுவ அதிகாரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். நெப்போலியன்தான். மனைவியை அவர் ‘ரோஸ்’னு கூப்பிடல. நடுப்பெயரான ஜோசப்பைத் திருத்தி, ‘ஜோசபின்’ ஆக்கினார். உலகமும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சது.

1799-ல் நெப்போலியன் எகிப்தில் போர் செஞ்சுட்டு இருந்த நேரம். கையில் காசில்லாமலே, 3 லட்சம் பிராங்குக்கு மேல் விலை பேசி, பாரிஸுக்குப் பக்கத்தில் மால்மைசோன் மாளிகையை வாங்கினார் ஜோசபின். திரும்பி வந்த கணவருக்குச் செம கோபம். ஆனா, அந்த இடத்தில்தான் ஜோசபின் தனக்குன்னு ஒரு உலகத்தை உருவாக்கினார். குளிரில் செடிகள் வாடாம இருக்க, அடுப்பு வச்சுச் சூடாக்கும் பெரிய கண்ணாடி வீடு. குளத்தில் ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னங்கள். எல்லாத்துக்கும் மேல, ரோஜாக்கள்.

அப்போ ஐரோப்பிய ரோஜாக்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். மாசக்கணக்கில் பூத்துக்கிட்டே இருக்கும் சீன ரோஜாக்கள் புதுசா இங்கிலாந்துக்கு வந்துட்டு இருந்தது. ஆனா இங்கிலாந்துதான் எதிரி நாடாச்சே! அதுக்காக ஜோசபின் விடல. லண்டன் நர்சரிக்காரர் ஜான் கென்னடி, போர் நடக்கும்போதே பிரான்ஸுக்கு வந்துபோக தனி பாஸ்போர்ட் வச்சிருந்தார். ஒரு பக்கம் பீரங்கி, இன்னொரு பக்கம் ரோஜாச் செடி!

1804-ல் மகாராணி ஆனார். ஆனா, நெப்போலியனுக்கு வாரிசு வேணும். ஜோசபினுக்குக் குழந்தை பிறக்கல. 1809 டிசம்பரில் விவாகரத்து. அடுத்த வருஷமே நெப்போலியனுக்கு மறுகல்யாணம், அதற்கடுத்த வருஷம் மகன். மகாராணிங்கிற பட்டமும் மால்மைசோனும் ஜோசபினிடமே இருந்தது. 1814 மே 29-ல், 50 வயசில், அங்கேயே இறந்துபோனார். ஒரு வருஷம் கழிச்சு, வாட்டர்லூவில் எல்லாத்தையும் தோத்த நெப்போலியன், பிரான்ஸை விட்டுக் கிளம்பும் முன்னால் சில நாள் தங்கினது எங்கே தெரியுமா? அதே மால்மைசோனில்.

ஜோசபினின் ஆதரவில் செடிகளை வரைஞ்ச ஓவியர் ரெதூதேயின் ரோஜா ஓவியத் தொகுப்பு, 1817-லிருந்துதான் வெளிவர ஆரம்பிச்சது. அதைப் பார்க்க ஜோசபின் இல்ல. 1843-ல் லியோன் நகரத்தில் உருவான வெளிர் இளஞ்சிவப்பு ரோஜாவுக்கு, மால்மைசோன் நினைவாக ‘சூவெனிர் த லா மால்மைசோன்’னு பெயர் வச்சாங்க. இன்னைக்கும் அந்தச் செடி விற்பனையில் இருக்கு. எப்படி? விதையிலிருந்து வளர்த்தா தாய்ச்செடி மாதிரியே வராது. அதனால் குச்சி வெட்டி, ஒட்டுக் கட்டி, கைமாத்திக் கைமாத்தித்தான் காப்பாத்திட்டு வர்றாங்க. இன்னைக்குப் பூக்கிறதும் அதே 1843 செடியோட உடம்புதான்.

அது போர்பன் வகை ரோஜா. நம்ம ஊரில் மாலை கட்டுற எட்வர்ட் ரோஜாவும் போர்பன் வகைதான். நீங்களும் முயற்சி செய்யலாம். பூத்து முடிஞ்ச கிளையில், பென்சில் தடிமனில் அரையடி நீளக் குச்சி எடுங்க. கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வா வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிடுங்க. மணல் கலந்த மண்ணில் ரெண்டு கணு புதையிற மாதிரி ஊன்றி, பாதியா வெட்டின வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைங்க. துளிர் வந்ததும் வேர் விட்டாச்சுன்னு நினைக்காதீங்க. குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே துளிர்க்கும். வேர் பிடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகலாம். நடுவில் இழுத்து மட்டும் பார்த்துடாதீங்க!