கல்லின் இயல்பு கண்டவர்

பிரான்சு நாட்டில் டோலமியூ என்னும் ஊரில் 1750-ஆம் ஆண்டு தியோதா தெ டோலமியூ பிறந்தார். மலைதோறும் நடந்து கற்களை ஆராய்வதையே அவர் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

சுண்ணாம்புக்கல்லின்மீது அமிலத் துளி பட்டால் அஃது உடனே நுரைத்துப் பொங்கும். ஆல்ப்சு மலைப்பகுதியில் அவர் கண்ட கல்லோ மிக மெதுவாகவே நுரைத்தது. தோற்றத்தில் ஒத்திருப்பினும் இயல்பில் இது வேறு எனத் தெளிந்த அவர், 1791-இல் அதனை உலகிற்கு அறிவித்தார். மறு ஆண்டில் அக்கல் அவர் பெயராலேயே டோலமைட்டு என வழங்கலாயிற்று. அதில் கால்சியத்தோடு மக்னீசியமும் உண்டு என்பது பின்னர் விளங்கிற்று.

எகிப்திலிருந்து 1799-இல் திரும்பும் வழியில் அவர் இத்தாலியில் பகைவர் கைப்பட்டார். மெசினா நகரச் சிறையில் இருபத்தொரு திங்கள் வாடினார். எழுதுகோலும் தாளும் இல்லாத அந்நிலையிலும் அவர் உள்ளம் தளரவில்லை. விளக்குக்கரியை மையாகவும் மரத்துண்டை எழுதுகோலாகவும் கொண்டு, விவிலிய நூலின் ஓரங்களில் கனிமவியல் ஆராய்ச்சியை எழுதினார். 1801-இல் விடுதலை பெற்ற அவர், அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தார்.

நிலக்கரிப் பாறைகளில் கலந்துள்ள கார்பனேட்டுக் கனிமங்களை வேறுபடுத்தி அறிவதற்கு அமிலத் துளி இன்றும் உதவுகின்றது. உடலைச் சிறையிடலாம், உண்மையை நாடும் அறிவைச் சிறையிடல் இயலாது.