கல்வி தேடிய ஹஜ் பயணி இப்னு பதூதா (ரஹ்)

மொராக்கோவின் தஞ்சா நகரில் ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) காஜிகள் குடும்பத்தில் பிறந்தவர் இப்னு பதூதா (ரஹ்). 1325இல், 21 வயதில், பெற்றோரைப் பிரிந்து ஹஜ்ஜுக்குத் தனியே புறப்பட்டார். வழியில் காய்ச்சல் கண்டபோது தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸ் நகரில் ஸலாம் சொல்ல ஒருவருமின்றிக் கண்ணீர் சிந்திய அவரையே, அங்கிருந்து புறப்பட்ட ஹஜ் கூட்டம் தன் காஜியாக்கிக்கொண்டது.

1326 ரமளானில் திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் ஸஹீஹுல் புகாரியைச் செவியுற்று, அந்நகரின் ஆலிம்களிடம் இஜாஸா பெற்றார். அவ்வாண்டே ஹஜ்ஜையும் நிறைவேற்றினார். பின்னர் பல நாடுகள் சுற்றி 1349இல் தாயகம் திரும்பியபோது, தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல கடந்திருந்தன. தாயாரும் கொள்ளைநோயில் வஃபாத்தாகியிருந்தார். அன்னையின் கப்றை ஸியாரத் செய்யவே அவருக்கு வாய்த்தது.

கல்விக்காகத் தொலைதூரம் செல்லும் நம் பிள்ளைகள், காத்திருக்கும் பெற்றோரை மறவாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.