லாரி வருது... கால் எப்படிக் கணக்குப் போடுது? விடை தேடிய ஜேம்ஸ் கிப்சன் யார்?

சேலம் - நாமக்கல் நான்குவழிச் சாலை. தூரத்தில் முட்டை லோடு லாரி. ரோட்டைக் கடக்க நிற்பவர் வாட்ச் பார்ப்பதில்லை, கிலோமீட்டர் கணக்கும் போடுவதில்லை. ரெண்டு எட்டு வைக்கிறார், லேசாகத் தயங்குகிறார், லாரி போனதும் விறுவிறுன்னு கடந்துவிடுகிறார். அந்த ரெண்டு எட்டுக்குள் கண்ணும் காலும் என்ன பேசிக்கொண்டன? இதைப் போன்ற கேள்விகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர்தான் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன்.

1904-ல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே வேலை. இன்ஜின் பக்கமிருந்து பார்த்தால் உலகம் விரிந்துகொண்டே வருவதும், கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்தால் சுருங்கிக்கொண்டே போவதும் சின்ன வயசிலேயே அவரை ஈர்த்தது. சேலம் ஜங்ஷனில் ரயிலேறும் எந்தக் குழந்தையும் பார்க்கக்கூடிய காட்சிதான். இவர் அதை விடவில்லை, அவ்வளவுதான்.

1938-ல் கார் ஓட்டுபவர் கண்ணால் வழி தேடுவது பற்றி க்ரூக்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதினார். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் பார்வைத் திறனைச் சோதிக்கும் வேலை. விமானம் இறங்கும்போது, எந்த இடத்தை நோக்கிப் போகிறதோ அங்கிருந்து தரை நாலாபக்கமும் விரிவதாகத் தெரியும். அதுதான் வழிகாட்டி என்றார்.

லாரிக்கு வருவோம். நம்மை நோக்கி வரும் பொருள் கண்ணில் பெரிதாகிக்கொண்டே போகும். 1962-ல் கிப்சன் குழு, திரையில் சட்டென விரியும் நிழலை மட்டும் குரங்குகளுக்குக் காட்டியது. மோத எதுவுமே இல்லை, ஆனாலும் அவை பயந்து பின்வாங்கின! எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே மோத எத்தனை நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என 1976-ல் டேவிட் லீ விளக்கினார். வேகமும் தூரமும் தனித்தனியாகத் தெரியவேண்டியதே இல்லை.

மாலுமிகளின் பழைய விதியும் இங்கே பொருந்தும். நாம் நடக்க நடக்க லாரி ஒரே கோணத்திலேயே நின்று பெரிதானால் மோதல் உறுதி. பார்வையில் முன்பக்கம் நகர்ந்தால் லாரி முதலில் போய்விடும். பின்பக்கம் நழுவினால் நாம் முந்திவிடுவோம். நடையைக் கூட்டுவதும் குறைப்பதும் இதைப் பார்த்துத்தான்.

கிப்சனின் கடைசிப் புத்தகம் 1979-ல் வந்தது. அதே டிசம்பரில் 75 வயதில் காலமானார்.

ஆனால் தூரத்தில் வரும் வண்டி பெரிதாவது கண்ணுக்கு லேசில் தெரியாது. மணிக்குச் சுமார் 32 கி.மீ.க்கு மேல் வரும் வாகனத்தை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் கவனிக்காமலே போகலாம் என 2011-ல் பிரிட்டன் ஆய்வு ஒன்று சொன்னது. நான்குவழிச் சாலையில் லாரிகள் அதைவிட வேகமாகத்தான் வருகின்றன.