ஒரு புள்ளியை நம்புவதற்கு முன்

வானத்தைப் படம்பிடித்தால் அதில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் விண்மீன்தானா? இல்லை. தூசு, கீறல், வேதிப்பூச்சில் உள்ள குறை, பிரகாசமான விண்மீனின் ஒளி வில்லைக்குள் எதிரொலித்து விழும் போலி உருவம் என எது வேண்டுமானாலும் புள்ளியாகத் தெரியலாம். இந்தப் போலிகளை ஒதுக்கி உண்மையைக் கண்டெடுத்த பொறுமைசாலிதான் கிளைட் டோம்பா.

1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பிறந்த டோம்பா, கன்சாஸில் பண்ணை வேலை செய்து வளர்ந்தார். ஆலங்கட்டி மழை பயிரை அழித்ததால் அவரது கல்லூரிக் கனவு கலைந்தது. ஆனாலும் வானத்தின் மீதான ஆர்வம் குறையவில்லை. பழைய கார், பண்ணை இயந்திரம் ஆகியவற்றின் பாகங்களைக் கொண்டு சொந்தமாகத் தொலைநோக்கி செய்தார். அதில் பார்த்த வியாழனையும் செவ்வாயையும் வரைந்து, அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்திற்கு அனுப்பினார். அந்தப் படங்களே அவருக்கு வேலை வாங்கித் தந்தன. 1929 ஜனவரியில் அங்குச் சென்றபோது அவரிடம் பட்டம் எதுவும் இல்லை.

அந்த வானாய்வகத்திற்கு ஒரு பழைய காயம் இருந்தது. அதை நிறுவிய பெர்சிவல் லோவெல், செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாக நம்பினார். பின்னர் அவை கண்ணின் மயக்கம் என்பது தெரியவந்தது. நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு கோள் இருப்பதாகவும் கணித்த அவர், அதைக் காணாமலேயே 1916இல் மறைந்தார். மீண்டும் ஒரு தவறான அறிவிப்பு வந்தால் ஆய்வகத்தின் பெயர் என்னவாகும்? புதிதாகச் சேர்ந்த இளையரின் கையில் இருந்த வேலை அவ்வளவு பெரிது.

14க்கு 17 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளில் அவர் வானத்தைப் படம்பிடித்தார். சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு தகடுகளை ஒப்பீட்டுக் கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பார். விண்மீன்கள் அசையாது. நகரும் பொருள் மட்டும் அங்குமிங்கும் தாவும்.

ஆனால் தாவுவதெல்லாம் கோள் அல்ல. ஒரு தகட்டில் மட்டும் குறை இருந்தாலும், ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைந்தாலும் கண் ஏமாறும். சிறுகோள்களோ உண்மையிலேயே நகர்பவை. இவற்றைப் பிரிக்க டோம்பா இரண்டு வழிகளைக் கையாண்டார்.

முதலாவது, வானில் சூரியனுக்கு நேர் எதிரே உள்ள பகுதியைப் படம்பிடித்தார். நெடுஞ்சாலையில் செல்லும்போது அருகில் உள்ள செம்பனை மரங்கள் வேகமாகப் பின்னோக்கி ஓடும், தொலைவில் உள்ள மலை மெல்ல நகரும் அல்லவா? அதுபோல, பூமி நகரும்போது அருகிலுள்ள சிறுகோள் அதிகம் இடம்மாறித் தெரியும், தொலைவிலுள்ள கோள் சிறிதளவே மாறும். இரண்டாவது, ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை படம்பிடித்தார். இரண்டு தகடுகளில் சந்தேகம் எழுந்தால் மூன்றாவது தகடு சாட்சி சொல்லும்.

1930 பிப்ரவரி 18. மிதுன ராசிப் பகுதியை ஜனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த தகடுகளில் ஒரு மங்கலான புள்ளி 3.5 மில்லிமீட்டர் தாவியது. அப்போது அவருக்கு வயது 24. அவர் உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிடவில்லை. ஜனவரி 21இல் எடுத்த, தெளிவு குறைந்த தகட்டைத் தேடி எடுத்தார். எதிர்பார்த்த இடத்தில் புள்ளி இருந்தது. அதே நேரத்தில் வேறொரு சிறிய கேமரா எடுத்த படங்களையும் பார்த்தார். அங்கும் அதே இடங்களில் இருந்தது. ஒரு தகட்டில் உள்ள தூசு மற்றொரு கேமராவின் தகட்டில் தெரியாது. அதன் பிறகே மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்களும் பல நாள் கண்காணித்து, மார்ச் 13ஆம் தேதி உலகிற்கு அறிவித்தார்கள். அதுதான் புளூட்டோ.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1915இலேயே அதே ஆய்வகம் எடுத்த படங்களில் புளூட்டோ மங்கலாகப் பதிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மறுபுறம், லோவெலின் கணிப்புக்கு அடிப்படையாக இருந்த யுரேனஸின் விலகல்கள் உண்மையானவை அல்ல என்று பல ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. கணிப்பு பொய்த்தது, கண்டெடுத்த புள்ளி நிலைத்தது. காரணம், டோம்பா கணிப்பை மட்டும் நம்பி நிற்காமல், தகட்டில் தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்.

கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, 1936இல் பட்டம் பெற்றார். 1997இல் மறைந்தார். புளூட்டோ 2006இல் குறுங்கோள் என வகைமாற்றம் பெற்றது. அதே ஆண்டு புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், அவரது அஸ்தியில் ஒரு பகுதியைச் சுமந்துகொண்டு 2015இல் புளூட்டோவைக் கடந்து சென்றது.

இன்று சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகத்தில், புதிய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடும் வேலையைக் கணினி செய்கிறது. செயற்கைக்கோள்களின் கோடுகள் போன்ற புதிய போலிகளும் சேர்ந்துவிட்டன. ஆனால், இது இன்னொரு படத்திலும் இருக்கிறதா என்ற கேள்வி மாறவில்லை. ஆய்வுக்கூடத்தில் வியப்பூட்டும் முடிவு கிடைத்தாலும், கைப்பேசியில் பரபரப்பான படம் வந்தாலும், நாமும் அந்த மூன்றாவது தகட்டைத் தேடிப் பார்க்கலாம்.